நட்சத்திரத்துக்குள் விழுந்த நிலம்

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து நான்கு வருடம் முடிந்த நாள் ஆகஸ்டில் ஒரு வேலை நாளாக வந்தது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட என் மனைவி செண்பகம், ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். "இன்னைக்கு நம்ம கையில கெடைச்சிருக்கணும்" என்றாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என்ன கிடைத்திருக்க வேண்டும் என்பதை ஊரிலிருந்து படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். நர்ஸ் வேலைக்கு அனுமதி வாங்கி வருகிறவர்கள் நான்கு வருடம் வரி கட்டி ஒழுங்காக இருந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை உண்டு. நாங்கள் விமானம் ஏறியபோது இருந்த விதி அது. வந்து பாதி தூரம் கடந்த பிறகு நான்கை ஐந்தாக்கினார்கள், ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கும் சேர்த்து. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி கிளம்பிய பிறகு டிக்கெட்டைக் கூட்டினால் கண்டக்டரின் சட்டையைப் பிடிப்பார்கள். இங்கே பிடிப்பதற்குச் சட்டை கிடையாது. ஒரு தபால் பெட்டி எண் மட்டும் உண்டு.

அந்த ஒரு வருடம் எங்களிடம் எதை எடுத்துக்கொள்ளப் போகிறது என்று அடுத்த வாரம் தெரிந்தது. எங்கள் மகள் அபிராமி பள்ளிப் படிப்பை முடித்து, இயற்பியல் படிக்க ஒரு நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருந்தாள். நிரந்தர உரிமை உள்ளவர் பிள்ளைக்கு ஒரு கட்டணம், இல்லாதவர் பிள்ளைக்கு அதைப்போலப் பல மடங்கு. வகுப்பு தொடங்கும் நாளில் யார் என்னவாக இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. பழைய விதிப்படி அபி ஒரு மாதம் முன்கூட்டியே உள்ளூர்ப் பிள்ளை ஆகியிருப்பாள். புது விதிப்படி அவள் வெளிநாட்டு மாணவி.

பல்கலைக்கழக அலுவலகத்துப் பெண்ணுடன் அபி போனில் பேசியதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த நாட்டிலிருந்து வருகிறாய் என்று அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டும். அபி எங்கள் தெருவின் பெயரைச் சொன்னாள். மறுமுனையில் ஏதோ விளக்கம். அபி மறுபடியும் தெருவின் பெயரைச் சொன்னாள். இரண்டாவது தடவை சொன்னபோது அவள் குரலில் இந்த ஊர்ப் பிள்ளைகளின் உச்சரிப்பு இன்னும் அழுத்தமாக இருந்தது. பள்ளியில் அவளை ஆபி என்று கூப்பிடுகிறார்கள். அவளும் திருத்துவதில்லை.

நான் போட்டிருப்பது ரொட்டித் தொழிற்சாலையின் வெள்ளைக் கோட்டு. பட்டையில் ஓடிவரும் ரொட்டிகளில் கருகினது, கோணினது, உப்பாதது எல்லாவற்றையும் கையால் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் துணையாசிரியனாக நான் செய்த வேலையும் ஏறக்குறைய இதுதான். வித்தியாசம், அங்கே தொட்டியில் போட்டதற்காக மறுநாள் காலை யாராவது வந்து சண்டை போடுவார்கள். என் பாஸ்போர்ட்டில் தொழில் பத்திரிகையாளர் என்றிருக்கிறது. விசாவில் நான் செண்பகத்தைச் சார்ந்திருப்பவன். இரண்டும் அச்சில் இருப்பதால் இரண்டும் உண்மை.

2

தலைப்பில் இருக்கிற நட்சத்திரத்தைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது மார்ச் மாதத்தில், சமையலறையில் வைத்து. பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பக்கத்து நகரத்தில் சனிக்கிழமைகளில் அறிவியல் பேச்சு நடக்கும். அபி போய்விட்டு வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்றாள்.

"அப்பா, ஸ்டார்னா என்ன?"

"எரியிற வாயு."

"எரியாம வெளிச்சம் குடுத்தா?"

"அப்ப அது ஸ்டார் இல்ல."

"அதான் தப்பு" என்றாள். அவளுக்கு என்னிடம் சொல்லப் பிடித்த வாக்கியம் அது.

செண்பகம் தோசையைத் திருப்பிக்கொண்டே, "எரியாம வெளிச்சம் குடுக்கிறது நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கு. காலையில பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்" என்றாள்.

அபி சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில், ஒரு செய்தியாக எழுதினால் இப்படி வரும். பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரிகிற பொருளைவிடத் தெரியாத பொருள் பல மடங்கு அதிகம். அதற்குக் கரும்பொருள் என்று பெயர். ஒளி அதில் படாது, அது ஒளியை மறைக்கவும் செய்யாது. இழுக்கும், அவ்வளவுதான். அந்த இழுப்பை வைத்துத்தான் அது இருப்பதே தெரியும். அதன் துகள்கள் இரண்டு மோதிக்கொண்டால் இரண்டும் இல்லாமல் போய், அந்த இடத்தில் சூடு பிறக்கலாம் என்பது ஒரு கருத்து.

பிரபஞ்சத்தின் முதல் நட்சத்திரங்கள் இந்தக் கரும்பொருள் மிக நெருக்கமாகக் குவிந்திருந்த இடங்களின் நடுவில்தான் உருவாகத் தொடங்கின. வாயு மேகம் தன் எடையால் உள்ளே சுருங்கும். சுருங்கச் சுருங்கச் சூடேறி, ஒரு கட்டத்தில் நடுவில் அணு எரிப்பு தொடங்கும். அப்போதுதான் அது நட்சத்திரம். ஆனால் அந்தக் கட்டத்துக்கு முன்னாலேயே உள்ளே விழுந்த கரும்பொருள் மோதி அழிந்து சூடு கொடுத்திருந்தால்? சுருங்குவது நின்றுபோகும். எரிப்பு தொடங்காது. அந்தப் பந்து பெரிதாக உப்பி, மேலே அதிகச் சூடில்லாமல், கோடிச் சூரியன்களின் வெளிச்சத்தோடு அப்படியே நிற்கும். பார்க்கிறவர்களுக்கு அது நட்சத்திரம். உள்ளே அதன் சொந்த அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை.

"எம்புட்டு நாளைக்கு நிக்கும்?" என்றாள் செண்பகம்.

"உள்ள விழுற வரைக்கும்மா. ஃப்யூயல் வந்துக்கிட்டே இருந்தா வாழ்ந்துக்கிட்டே இருக்கும். வயசே ஆகாது."

"எந்தப் பத்திரிகை சொல்லுது?" என்றேன் நான்.

"யாரும் பாக்கலப்பா. கணக்குல வருது."

"அப்ப 'எனக் கூறப்படுகிறது'ன்னு போடணும்."

இந்த வகையில் நான் கறாரானவன். கோவில்பட்டியில் நிருபராக இருந்த காலத்தில் மழைக்காலக் காலைகளில் என் முதல் வேலை மழை அளவு வாங்குவது. தாலுகா ஆபீஸுக்குப் போன் போட்டு, கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், மணியாச்சி என்று ஒவ்வொரு ஊருக்கும் எவ்வளவு என்று கேட்டு எழுதி அனுப்புவேன். எங்கள் ஊரில் மழைமானி கிடையாது. பசுவந்தனைக்குப் போகிற ரோட்டில் இருக்கிற சின்ன ஊர். அங்கே எவ்வளவு பெய்தாலும் பேப்பரில் வராது. என் தம்பி சின்னத்துரை அதற்காக என்னைக் கேலி செய்வான். "நேத்து நம்ம ஊருல பெஞ்சது மழையா, வேற எதுவுமா? உங்க பேப்பருல காணலயே." மானியில் விழாத மழை செய்தி இல்லை என்று நான் சொல்வேன்.

எனக்குக் கரிசல் மீது பாசம் எதுவும் இருந்ததில்லை. நனைந்தால் சைக்கிள் சக்கரத்தில் அப்பிக்கொண்டு உருள விடாது. காய்ந்தால் வாய் பிளந்து ஆட்டுக்குட்டியின் காலை விழுங்கும். நான் அதிலிருந்து பேப்பருக்கு ஓடினேன். சின்னத்துரை ஓடவில்லை. அதனால் இரண்டு பேருக்குமான நிலத்தை அவன் உழுதான்.

3

அபிக்கு இடம் கிடைத்ததைச் செண்பகம் அவனிடம் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வழக்கம்போல அழைப்பு அட்டையின் எண்களைத் தட்டி அவனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, பிள்ளைக்கு எடம் கெடைச்சிட்டாமே. மதினி சொன்னாவ."

"கெடைச்சிட்டு. சேக்க முடியுமான்னு தெரியல."

விஷயத்தைச் சொன்னேன். அவன் முழுக்கக் கேட்டான்.

"அங்கனயே பள்ளிக்கூடம் படிச்ச பிள்ளை எப்படிண்ணே வெளிநாட்டுப் பிள்ளை ஆவும்?"

"இங்க அப்படித்தான்."

"அப்ப நான் அங்கன வந்தா என்ன சொல்லுவான்? செவ்வாய்க் கிரகத்துலேருந்து வந்தவம்பானா?" தானே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரோட்டோரக் காட்டை ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்காண்ணே. கோயம்புத்தூர் பக்கத்து ஆளு. காத்தாடி போடுததுக்கு" என்றான்.

எங்கள் பக்கம் நிலத்தைக் காடு என்போம். காத்தாடி என்று அவன் சொன்னது காற்றாலை.

"அதை விக்கச் சொல்லி நான் கேக்கலலே."

"நீங்க கேக்கல. நான் சொல்லுதேன்."

இதற்கு முந்திய இரண்டு தடவையும் அவனேதான் சொன்னான். செண்பகத்தை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்குக் கிணற்றடிக் காடு போனது. இங்கே வந்ததும் அவளுக்குச் சம்பளமில்லாமல் பல மாதம் மறுபயிற்சி இருந்தது. ஊரில் ஆயிரம் பிரசவம் பார்த்தவளுக்குக் கட்டில் விரிப்பை எப்படி மாட்டுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் காலத்தை ஓட்ட ஓடைக்காடு போனது. மிஞ்சியது ரோட்டோரக் காடு ஒன்றுதான். மானாவாரி. வானம் பார்த்தால் விளையும்.

"வித்துட்டு நீ என்ன செய்வ?"

"தீப்பெட்டி ஆபீஸ்ல வாட்ச்மேனுக்கு ஆள் கேக்காவ." எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். "நெழல்ல உக்காந்த வேலை. நானும் ஆபீசருதான இனிமே."

"உன் மவ?"

"அவ எட்டாப்புதான படிக்கா. அவளுக்கு இன்னும் நாள் கெடக்கு."

ஊரில் எங்கள் வீட்டுக்கு லண்டன்காரர் வீடு என்று பெயர். லண்டன் நாங்கள் இங்கே இருக்கும் இடத்திலிருந்து ரயிலில் பாதி நாள். நான் இருப்பது மூடிப்போன பஞ்சாலைகளின் ஊர். ஆனால் பெயர் ஒட்டிவிட்டது. கோயில் கொடை விழாவுக்கு வரி எழுதும்போது எங்கள் வீட்டுப் பெயரை மேலே போடுகிறார்கள். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் டீக்கடையில் கை நீட்டிக் காட்டுகிறார்கள். வெளிச்சம் எங்களுடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் நிலம் ஏன் போகிறது என்று ஊர் யோசிக்க வேண்டுமல்லவா? யோசித்துவிட்டது. அதையும் சின்னத்துரைதான் சொன்னான், வேறொருவன் கதையைச் சொல்வதுபோல.

"நேத்து டீக்கடையில நம்ம பால்பாண்டி அண்ணாச்சி கேக்காரு. 'ஏலே, அண்ணன் அங்கனேருந்து மூட மூடயா அனுப்புதான், நீ என்னத்துக்குலே காடு காடா அழிக்க? குடியா, சீட்டா? எதுன்னு சொல்லிட்டுச் செய்யி'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டுந்தான் அண்ணாச்சின்னேன். டீக்கு அவருதான் குடுத்தாரு."

அவன் குடிப்பதில்லை. சீட்டு பிடிக்கத் தெரியாது. இதை நான் இங்கே எழுதிவைப்பதால் ஊரில் யாரும் நம்பப் போவதில்லை.

4

அப்பா இறந்த பிறகு பட்டா எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. நான் போக முடியாததால் தம்பிக்கு பவர் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை இந்தியத் தூதரக அலுவலகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும். அபியின் பாஸ்போர்ட்டும் முடியப் போகிற நேரம். இருவரும் சேர்ந்தே ரயிலேறினோம்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் என்னிடம் இந்தியில் ஏதோ கேட்டார். தெரியாது என்றேன். பிறகு அபியிடம் இந்தியில் கேட்டார். அவளும் தெரியாது என்றாள். "அப்புறம் நீங்கள் எந்த நாட்டுக்காரர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அந்த மாதத்தில் எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட இரண்டாவது ஆள் அவர். அபி என் பக்கம் திரும்பி, தமிழில், "அஞ்சு வருஷம் ஆகாத நாட்டுக்காரங்கன்னு சொல்லுங்கப்பா" என்றாள். அவள் தமிழில் ஒரு கிண்டல் செய்து நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

அவள் பாஸ்போர்ட் ஜன்னலுக்குப் போனாள். என் ஜன்னலில் இருந்த பெண் அதிகாரி பத்திரத்தை நிதானமாகப் படித்தார். சர்வே எண், நான்கு எல்லை. வடக்கே பசுவந்தனை ரோடு. தெற்கே ஓடை. கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "முழு விஸ்தீரணமுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"முழுவதும்."

"உங்களுக்கு அங்கே வேறு நிலம்?"

"இல்லை."

அது அவர் கேட்க வேண்டிய கேள்வி அல்ல என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு, முத்திரையைக் கொஞ்சம் மெதுவாகவே வைத்தார்.

திரும்பி வரும் ரயிலில் அபி கேட்டாள்.

"சித்தப்பா எவ்வளவு நிலம்பா விக்கிறாங்க?"

"கொஞ்சம்."

துணையாசிரியர் மேசையில் 'கொஞ்சம்' என்று எழுதிக் கொண்டுவரும் நிருபரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எவ்வளவு என்று எழுது, அல்லது எழுதாதே. வீட்டை விட்டுக் கிளம்பும்போது செண்பகம் காதோடு சொல்லி அனுப்பியிருந்தாள்: "படிக்கப் போற பிள்ளை. முழுசும்னு சொல்லித் தொலைச்சிராதீங்க. போகமாட்டேம்பா."

அபி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அங்க ஒண்ணும் விளையாதுன்னு சித்தப்பாவே சொல்லுவாங்கல்ல?" என்றாள்.

"சொல்லுவான்."

"நான் வேலைக்குப் போனதும் திருப்பி வாங்கிக் குடுத்துருவேன்."

"சரி."

நிலத்தைத் திருப்பி வாங்க முடியும் என்று நினைக்கிற வயது. வாங்கிய கடையில் ரசீதைக் காட்டிச் சட்டையை மாற்றிக்கொள்கிற ஊரில் வளர்ந்தவள் வேறு எப்படி நினைப்பாள்?

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே நட்சத்திரத்துக்குப் போனாள். அந்தப் பேச்சுக்குப் பிறகு நூலகத்தில் தேடிப் படித்திருந்தாள். நம் பால்வீதியின் நடுப்பகுதிக்கு அருகில் கரும்பொருள் நெருக்கமாக இருக்கலாம், அங்கே இருக்கிற சாதாரண நட்சத்திரங்களும் போகிற வழியில் அதைப் பிடித்து உள்ளே சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். போதுமான அளவு சேர்ந்தால், தன் சொந்த எரிபொருளை மெதுவாக எரித்தால் போதும். ஆயுள் நீளும். வயதான பிறகும் இளசாகத் தெரியும். சூரியன் இருக்கும் இடத்தில் அது ரொம்பக் குறைவு, அதனால் சூரியன் தன் கைக்காசில்தான் வாழ்கிறது.

"அந்த முதல் நட்சத்திரங்க, விழுறது நின்னுபோனா என்ன ஆகும்?"

"சுருங்கும். சுருங்கும்போது சூடாகும். அப்புறம்தான் சொந்தமா எரிய ஆரம்பிக்கும். நார்மல் ஸ்டார் ஆயிரும்."

"அதுவரைக்கும் உள்ள விழுந்தது?"

"அது இருக்காதுப்பா. அனைஹிலேஷன். மிச்சமே இருக்காது." விரல்களைக் குவித்து, விரித்துக் காட்டினாள். "அதான் அழகு."

அழகு என்ற சொல்லை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் முகத்தில் இருந்தது உண்மையான சந்தோஷம். அந்தப் படிப்புக்கு அவள் தகுதியானவள் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. இதையும் பதிவு செய்ய வேண்டும்.

5

புரட்டாசி பிறந்தது. அபியை விடுதியில் விட்டுவிட்டு வந்திருந்தோம். முதல் தவணை கட்டியாயிற்று. காட்டை வாங்குகிறவர் முன்பணமாகக் கொடுத்ததில் அது நடந்தது. பத்திரப்பதிவு மாதக் கடைசியில். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டபோது சின்னத்துரைக்கு மூச்சு வாங்கியது.

"எங்கலே இருக்க?"

"காட்டுல."

"எந்தக் காட்டுல?"

அவனிடம் இப்போது செல்போன் இருந்தது. காற்று அதற்குள் இரைந்தது.

"சின்னத்துரை, என்ன செஞ்சுக்கிட்டு இருக்க?"

"உளுந்து போட்டுட்டேண்ணே."

மானாவாரிக் கரிசலில் மழைக்காகக் காத்திருந்து விதைப்பதில்லை. மழை விழுந்துவிட்டால் மண் பசையாகிவிடும், ஏர் இறங்காது, டிராக்டர் புதையும். அதனால் மழைக்கு முன்னால், புழுதியிலேயே விதைத்துவிடுவார்கள். விதை புழுதிக்குள் உயிரோடு கிடக்கும். நல்ல மழை விழுந்தால் மொத்தமாக எழும்பும். அரைகுறையாகத் தூறினால் முளைவிட்டுச் செத்துப்போகும். புழுதி விதைப்பு என்று பெயர். ஐப்பசியை நம்பிப் புரட்டாசியில் போடுகிற சூது இது. எங்கள் ஊரில் சின்னத்துரை ஆடிய ஒரே சூதும் இதுதான்.

"விக்கிற காட்டுல எவனாவது விதைப்பானாலே? இன்னும் பத்து நாள்ல பத்திரம்."

"தெரியும்."

"தெரிஞ்சு எதுக்குலே?"

"வெதை வீட்டுல இருந்துச்சு. புரட்டாசி வந்துட்டு. பக்கத்துக் காட்டுக்காரன்லாம் போட்டுட்டான். நம்ம காடு மட்டும் வெறுசாக் கெடந்துச்சுண்ணே. பாக்க நல்லா இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. நான் பேசியது இதுதான், கூட்டவோ குறைக்கவோ இல்லை: "வாங்குறவன் பாத்தா என்ன நெனப்பான்? பத்திரம் நின்னுபோனா இங்க பிள்ளைக்கு அடுத்த தவணை எப்படிக் கட்டுறது? கொஞ்சமாவது யோசிச்சியா?"

"நிக்காதுண்ணே. அவன் மண்ணைப் பாக்க வரல. காத்தைத்தான் பாக்க வந்தான். நீங்க பயப்படாதீங்க" என்றான்.

அவன் சொன்னது சரி. வாங்கியவர் பத்திரத்தன்று வந்தபோது காட்டுக்குள் இறங்கவே இல்லையாம். காரை ரோட்டில் நிறுத்தி, சட்டை காற்றில் படபடப்பதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனாராம். பதிவு ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்தது. என் கையெழுத்தைச் சார்பதிவாளர் உற்றுப் பார்த்துவிட்டு, லண்டன் முத்திரையா என்று கேட்டாராம். பக்கத்தில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்களாம்.

செண்பகத்திடம் விதைத்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அவரை நீங்க வைதீங்களா?" என்றாள்.

"ஆமா."

"நல்லாருங்க" என்றாள். மறுபடியும் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

6

ஐப்பசியில் மழை. நான் வேலைபார்த்த பேப்பர் இப்போது இணையத்தில் வருகிறது. தொழிற்சாலைக்குப் போகுமுன் மழை அளவைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், மணியாச்சி மூன்றிலும் நல்ல மழை. எங்கள் ஊர் வழக்கம்போலப் பட்டியலில் இல்லை. அந்தச் செய்திக்காக ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தேன்.

"அண்ணே, மொளைச்சிட்டு."

அவன் குரல் உயர்ந்திருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலிருந்து பேசினான்.

"ஒரு வெதை தப்பலண்ணே. சாலு சாலா கோடு போட்ட மாதிரி நிக்கி. அப்பா இருந்தப்ப கூட இப்படி ஒரு மொளைப்புக் கண்டதில்ல. பஸ்ஸுல போறவன்லாம் திரும்பிப் பாத்துட்டுப் போறான்."

"நீ போய்ப் பாத்தியா?"

"போனேன். கல்லு ஊணிக் கம்பி கட்டிட்டாவ. கம்பிக்கு இங்கன நின்னு பாத்தேன்."

அவனே சொன்னான்.

"தை வரைக்கும் விடுங்க, ஒரு மூட்டை உளுந்து உங்களுக்கும் தாரேன்னு காத்தாடிக்கார சூப்பர்வைசர் தம்பிட்ட கேட்டேன். அவன் நல்ல பையந்தான். மொதலாளிட்ட போன் போட்டான். அஸ்திவாரம் தோண்ட வண்டி பொறப்பட்டுட்டாம். திங்கக்கெழம வருதாம்."

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான்."

மூட்டை உளுந்தின் கதை அதோடு முடிந்தது. அவன் வேறு பேச்சுக்கு மாறினான். வாட்ச்மேன் வேலை சுகம்தான், ஆனால் உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பு பிடிக்கிறது என்றான். ராத்திரி பகல் மாறி மாறி வருகிறதாம். பால்பாண்டி அண்ணாச்சி ஆபீஸ் வாசலுக்கே வந்து பார்த்தாராம்.

"என்ன சொன்னாரு?"

"'அண்ணன் ஒருத்தன் ஊரு ஒலகத்துக்கு வெளக்கேத்துதான், நீ இருந்ததையும் குடிச்சு முடிச்சிட்டு இங்கன வந்து காவலுக்கு ஒக்காந்திருக்கியேலே, வெக்கமா இல்லயா'ன்னாரு. பத்துப் பேரு நின்னாவ."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

அழைப்பு அட்டையில் காசு இன்னும் இருந்தது. இருவரும் பேசாமல் அதைச் செலவழித்தோம். பிறகு அவனே, "சரிண்ணே, வைக்கேன். மொதலாளி வண்டி வருது, கேட்டைத் தொறக்கணும்" என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் விடுதியிலிருந்து அபி கூப்பிட்டாள். ஆய்வுக்கூடம் பிடித்திருக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை. முதல் கட்டுரைக்குத் தலைப்பு அவளே தேர்ந்தெடுக்கலாமாம். அந்த எரியாத நட்சத்திரங்களையே எடுத்துக்கொண்டாளாம். பேராசிரியர் அதைப் பாராட்டினாராம்.

"ஊர்ல எப்படிப்பா? சித்தப்பா பேசினாங்களா?"

"பேசினான். நல்ல மழையாம்."

"ஓ, சூப்பர். மிச்ச நிலத்துல என்ன போட்டிருக்காங்க?"

"உளுந்து."

"முளைச்சிருக்கா?"

"முளைச்சிருக்கு. ஒரு விதை தப்பலயாம்."

"பாத்தீங்களா? நான் கவலப்பட்டுக்கிட்டே இருந்தேன்" என்றாள். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பின்னணியில் யாரோ ஆபி என்று கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

உளுந்து போட்டிருப்பது உண்மை. ஒரு விதை தப்பாமல் முளைத்திருப்பதும் உண்மை, சொன்னவன் நேரில் பார்த்தவன். எந்த ஆசிரியர் மேசையிலும் இந்தத் தகவல்களில் ஒன்றைக் கூட அடிக்க முடியாது. செய்திதான் பொய்.